தானே தண்ணீர் குடிக்கும் நாற்றுத் தட்டு: எங்கே தப்பு, எப்படிச் சரி செய்வது

குளிர் நாடுகளில் பனிக்குப் பயந்து நாற்றை வீட்டுக்குள் விடுகிறார்கள். நமக்கு வெயில்தான் பயம். ஆடிப் பட்டத்தில் நட மிளகாய் நாற்று கையில் இருக்க வேண்டுமென்றால் ஜூன் மாதமே விதை போட்டாக வேண்டும். சென்னையில் ஜூன் மாத மொட்டை மாடியில், நாலு சென்டிமீட்டர் ஆழமே உள்ள குழித்தட்டு மத்தியானத்துக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். போதாததற்கு அணில், எறும்பு, திடீர் மழை. அதனால் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம்தான் என் நாற்றங்கால். நாள் முழுக்க வேலைக்குப் போகிற வீடு என்பதால் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடு: கீழே தண்ணீர்த் தொட்டி, மேலே தட்டு அல்லது தொட்டிச் செடிக்கான டப்பா, இரண்டுக்கும் நடுவே திரி அல்லது துணி.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். கையால் ஊற்றும்போது எவ்வளவு ஊற்றினோம் என்றாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது. அதனால் அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தலாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும்! அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். எப்படிப் பிடித்தாலும் அடியில் ஒரு பட்டை அளவு ஈரம் வடியாமல் நிற்கும். ஸ்பாஞ்ச் உயரமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள பகுதிக்குக் காற்று கிடைக்கும், தட்டையாக இருந்தால் முழுக்கவே ஈரம். குழித்தட்டின் குழி என்பது தட்டையாகப் பிடித்த ஸ்பாஞ்ச். பெரிய தொட்டியில் நன்றாக வேலை செய்த அதே கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலவை, குழித்தட்டில் சேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் நம் கையில் இருக்கும் திருகாணி ஒன்றே ஒன்று: தொட்டியின் நீர்மட்டத்துக்கும் தட்டின் அடிக்கும் இடையே உள்ள உயரம். இடைவெளி இரண்டு சென்டிமீட்டர் என்றால் கலவை சொதசொதவென்று இருக்கும். எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆக்கினால் அதே திரி குறைவாகத்தான் ஏற்றும். எனக்கு இது புரிய மூன்று பட்டம் ஆயிற்று. அதுவரை திரியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தட்டுக்கு அடியில் வைக்க அரைச் செங்கல் நாலு வைத்திருக்கிறேன். கீழே வரும் தீர்வுகளில் பாதி அந்தச் செங்கல்தான்.

தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை, மேலே கலவை காய்ந்து கிடக்கிறது

திரி வேலையைத் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். காய்ந்த திரியைக் காய்ந்த கலவைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் ஏறும் என்று காத்திருந்தால் ஏறாது. திரியை முதலில் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து நனைக்க வேண்டும். கலவையையும் பிசைந்து ஈரமாக்கித்தான் நிரப்ப வேண்டும். முதல் தடவை மேலேயிருந்து அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். அடியிலிருந்து மேல்வரை ஈரம் அறுபடாமல் ஒரே கயிறாக இருந்தால்தான் இழுவை பிடிக்கும்.

அதன் பிறகும் ஏறவில்லை என்றால் திரி எதனால் ஆனது என்று பாருங்கள். விளக்குத் திரி முதல் இரண்டு வாரம் பிரமாதமாக இழுக்கும், அப்புறம் மண்ணுக்குள் மக்கி அறுந்துவிடும். கொடி கட்டும் பிளாஸ்டிக் கயிறு மக்காது, ஆனால் தண்ணீரையும் இழுக்காது. எனக்குக் கைகொடுத்தது பின்னல் வேலைக்கு விற்கும் உல்லன் நூல்தான். பேர்தான் உல்லன், கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். மூன்று நாலு இழையை முறுக்கி, கலவையின் பாதி உயரம்வரை ஏற்றிவிடுங்கள்.

98 குழித் தட்டில் குழிக்கு ஒரு திரி போட யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்குத் துணிதான் வழி: தொட்டியின் மேல் ஒரு கம்பித் தட்டோ பலகையோ வைத்து, பழைய துவாலையை விரித்து, அதன் இரண்டு முனைகளும் தண்ணீரில் தொங்கும்படி விடுங்கள். குழித்தட்டை அதன் மேல் வையுங்கள். இதில் சில குழி மட்டும் காய்ந்தால், அந்தக் குழியின் அடி ஓட்டையில் கலவை துணியைத் தொடவில்லை என்று பொருள். பென்சிலின் பின்பக்கத்தால் லேசாகக் குத்தி இறக்கினால் போதும்.

விதை முளைக்கவே இல்லை

முதலில் எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். தக்காளி ஒரு வாரத்துக்குள் தலை காட்டும். கத்தரி கொஞ்சம் தாமதம். மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும். ஐந்தாம் நாளே அதைத் தோண்டிப் பார்ப்பது நியாயமில்லை.

நாள் கடந்துவிட்டால் தோண்டுங்கள். அங்கே என்ன கிடக்கிறது என்பதுதான் பதில். விதை போட்டபடியே கெட்டியாக இருந்தால் ஈரம் போதவில்லை. திரி பற்றிச் சொன்னதைப் படியுங்கள். ஊதி, நசுக்கினால் கூழாக இருந்தால் காற்றில்லாமல் அழுகிவிட்டது. செங்கல் வைத்து உயர்த்துங்கள், அடுத்த தடவை விதையின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் ஆழமாகப் போடாதீர்கள். ஒன்றுமே கிடக்கவில்லையா? எறும்பு. கீரை விதையையும் லெட்டூஸ் விதையையும் ஒரே ராத்திரியில் காலி செய்யும். தொட்டியை ஒரு அகலமான தண்ணீர்த் தட்டுக்குள் வைத்தால் எறும்பு வராது. அந்தத் தட்டுக்குக் கொசு வரும், அதைப் பற்றிக் கீழே.

ஈரமும் சரியாக இருந்து, விதையும் நன்றாக இருந்து, அப்படியும் முளைக்கவில்லை என்றால் வெப்பநிலை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் 25 முதல் 30 டிகிரி சுகம். ஏ.சி. ஓடும் அறையில் ராத்திரி முழுக்க வைத்தால் மிளகாய் தூங்கிவிடும். லெட்டூஸ் இதற்கு நேர் எதிர், 30 டிகிரிக்கு மேல் போனால் முளைக்க மறுக்கும். அதற்கு அந்த ஏ.சி. அறைதான் சரி. பாகற்காய் விதைக்கு ஓடு தடிமன், ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். ஆனால் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வரும் விதையை ஊறவைக்கக் கூடாது. அது பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி மருந்து, வெறும் கையால் தொடவும் வேண்டாம், குழந்தைகளிடம் கொடுக்கவும் வேண்டாம்.

விதையே பழையதோ என்ற சந்தேகம் இருந்தால் தட்டை வீணாக்காதீர்கள். ஈர டிஷ்யூ பேப்பரில் பத்து விதையை மடித்து, டப்பாவில் மூடி வையுங்கள். ஐந்துக்கு மேல் முளை விட்டால் குழிக்கு இரண்டாகப் போடலாம். இரண்டு மூன்றுதான் என்றால் புது விதை வாங்குங்கள். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே நம்ப முடியாது. தக்காளி நாலு வருடம்கூடத் தாங்கும்.

நன்றாக முளைத்தது, ஒரே ராத்திரியில் தண்டு இற்று விழுந்துவிட்டது

நாற்றழுகல். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்து, கிள்ளியதுபோல் மெலிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்துவிடும். தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். மறுநாள் அரைத் தட்டு படுத்திருந்தது.

இதற்குக் காரணம் ஒரே உயிரி இல்லை. பித்தியம், ரைசோக்டோனியா இரண்டும்தான் வழக்கமான ஆசாமிகள். இதில் பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்தும். ஒரே துவாலை, ஒரே தொட்டி என்று 98 குழியையும் இணைத்துவைத்திருக்கும் நம் ஏற்பாட்டில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தானே தண்ணீர் குடிக்கும் தட்டுக்கு இருக்கும் மிகப் பெரிய பலவீனம் இதுதான், விற்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

விழுந்த நாற்று எழாது. அதை அதன் கலவையோடு தோண்டி எடுத்து வெளியே போடுங்கள், மண்புழு உரக் குழியில் அல்ல, குப்பையில். சுற்றியுள்ள இரண்டு வரிசைக் குழிகளையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். தட்டைத் துணியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்து, மேல்பரப்பு வெளுக்கும்வரை காய விடுங்கள். மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் இன்னும் நல்லது. மூடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடி முளைக்கும்வரைதான், முதல் முளை தெரிந்த அன்றே அதன் வேலை முடிந்தது. மீதியைக் காப்பாற்ற லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரடியில் ஊற்றும் வழக்கம் உண்டு. வீட்டுக்குள், ஜன்னலோரத்தில், சமையலறைக்குப் பக்கத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. காயவிட்டுப் பிழைத்ததை வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த தடவை வராமல் இருக்க: பழைய கலவையைத் திரும்பப் போடாதீர்கள். தட்டையும் துணியையும் ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், 9 பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வெயிலில் காயவையுங்கள். சாயம் பூசாத விதை என்றால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சை) அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) என்பது பரிந்துரை. நம் வீட்டு ஐம்பது விதைக்கு ஒரு சிட்டிகை, சோறு வடித்த கஞ்சி இரண்டு சொட்டு விட்டுப் புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். அப்புறம் ஒரே தொட்டியில் எல்லா நாற்றையும் வைக்காதீர்கள். நான் மிளகாய்க்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பா, தக்காளிக்கு வேறு டப்பா என்று பிரித்துவிட்டேன். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறை நாற்றுக்கு இருட்டு. ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். தட்டை ஜன்னல் விளிம்புக்கே கொண்டுபோங்கள், தினமும் பாதி சுற்று திருப்புங்கள். அதுவும் போதாது என்றால் சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட்டே போதும், ஊதா வெளிச்சம் தேவையில்லை. ஆனால் அதை மேற்கூரையில் மாட்டிப் பயனில்லை. நாற்றின் தலைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்.

நீண்டுவிட்ட தக்காளியைக் காப்பாற்றலாம். இடம் மாற்றும்போது விதையிலைவரை புதைத்து நட்டால் தண்டிலேயே வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் அந்த அளவு புதைக்க வேண்டாம்; அவை தக்காளியைப்போல் தண்டில் வேர் விடுவதில்லை. புதுசாகப் போட்டுவிடுவதே மேல்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். அடியில் இருக்கும் விதையிலை இரண்டும் மட்டும், நாலைந்து நிஜ இலை வந்த பிறகு மஞ்சளானால் அது அதன் ஆயுசு முடிந்தது, விடுங்கள்.

எல்லா இலையும் வெளிறி, வளர்ச்சியும் நின்று, தட்டைத் தூக்கினால் கனமாக இருக்கிறதா? வேருக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு நாற்றை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகவும் வழவழப்பாகவும் இருந்தால் தொட்டியைக் காலி செய்துவிட்டு, தட்டு லேசாகும்வரை காத்திருங்கள். இங்கே ஒரு பழக்கம் சொல்கிறேன்: தொட்டி காலியானதும் உடனே நிரப்பாதீர்கள். அரை நாளாவது காய விட்டு நிரப்புங்கள். தண்ணீர் கீழிறங்கும்போதுதான் காற்று உள்ளே போகும்.

வேர் வெள்ளையாக இருந்தும் அடி இலைகள் வெளுத்தால் பசி. கோகோபீட்டில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, மண்புழு உரம் கலக்காமல் போட்டிருந்தால் நிஜ இலை வந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கி, வாரம் ஒரு தடவை, மேலேயிருந்து ஊற்றுங்கள். தொட்டித் தண்ணீரில் கலந்துவைத்தால் பாசிதான் கொழுக்கும். பஞ்சகவ்யம், புண்ணாக்குக் கரைசல் எல்லாம் மாடித் தோட்டத்துக்கு. வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் மூன்றாம் நாள் வீட்டில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

நுனி இலை மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. போர்வெல் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் இது சகஜம். தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

மேல்பரப்பில் வெள்ளையாக, பச்சையாக ஏதோ படர்கிறது

தொட்டுப் பாருங்கள். பஞ்சு போல் மென்மையாக இருந்தால் பூஞ்சை, காற்றோட்டம் குறைவு. பெரும்பாலும் ஆபத்தில்லாதது, லேசாகக் கிளறிவிட்டுக் காய விடுங்கள். பச்சைப் பூச்சு பாசி. அதுவும் நாற்றைக் கொல்லாது, ஆனால் மேல்பரப்பு எப்போதும் ஈரம் என்பதற்குச் சாட்சி. தொட்டி கண்ணாடிபோல் தெரியும் டப்பா என்றால் வெளிச்சம் புகாதபடி கறுப்புத் தாள் சுற்றுங்கள்.

நொறுநொறுவென்று உப்பாக இருந்தால் அது உப்பேதான். கீழிருந்து தண்ணீர் ஏறி மேலே ஆவியாகும். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மேலேயிருந்து ஊற்றும் தொட்டியில் அது வடிந்து வெளியேறும், இங்கே வடிய வழியில்லை. இலை ஓரம் கருகுவது இதன் அடுத்த கட்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தட்டைக் கழுவுவதுபோல் மேலேயிருந்து நல்ல தண்ணீர் ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் நாற்றுக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். தரை துடைக்கட்டும் அது. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் இதற்கு நேர்மாறு, உப்பே கிடையாது. என் நாற்றுகள் கோடையில் பெரும்பாலும் அதைத்தான் குடிக்கின்றன.

கோகோபீட்டிலேயே உப்பு இருக்கலாம். கட்டியை ஊறவைத்த தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். இரண்டு மூன்று தடவை மாற்றிப் பிழிந்துவிட்டு உபயோகியுங்கள்.

குட்டிக் கறுப்பு ஈ பறக்கிறது, தொட்டியில் புழு நெளிகிறது

இவை இரண்டும் வேறு வேறு. கலவையிலிருந்து கிளம்பி முகத்தைச் சுற்றும் கொசு போன்ற ஈ, எப்போதும் ஈரமான கலவையில் முட்டையிடும். அதன் புழு இளம் வேரைக் கடிக்கும். மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பதைப் பிடிக்கும், புழுவைப் பிடிக்காது. புழு இருக்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்கு வில்லை ஒன்றைக் கலவை மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்புத் தலையோடு மொய்த்திருக்கும். மேல்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆற்று மணல் தூவினால் முட்டையிட இடம் கிடைக்காது. அதோடு, தெரிந்ததுதான், செங்கல்.

தொட்டியில் நெளிவது கொசுப் புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும், நம் தொட்டி அதற்கு ராஜபோக மாளிகை. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஒரு மழைக்காலத்தில் கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வந்த அம்மா என் தொட்டியில் டார்ச் அடித்துக் காட்டினார். கூனிக் குறுகிப் போனேன். அன்றிலிருந்து ஞாயிறு காலை தொட்டி காலி. கொட்டினால் மட்டும் போதாது: முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் ஊற்றும் வாயைக் கொசுவலைத் துண்டால் கட்டிவிடுங்கள். பி.டி.ஐ. என்று விற்கும் நுண்ணுயிர் மருந்து கொசுப் புழு, அந்தக் கறுப்பு ஈயின் புழு இரண்டையும் கொல்லும்.

விதை ஓடு தொப்பிபோல் மாட்டிக்கொண்டது

மேலோட்டமாக விதைத்ததால் வருவது. பிய்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, தானாகக் கழல்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் விழுந்துவிடும்.

வீட்டுக்குள் செழிப்பாக இருந்தது, மாடியில் நட்டதும் வாடிவிட்டது

இரண்டு காரணம். முதலாவது, உருவும்போது வேர் அறுந்தது. திரியோடும் துணியோடும் வேர் பின்னிக்கொள்ளும். நடுவதற்கு முந்தின நாளே தட்டைத் துணியிலிருந்து பிரித்து, துணிக்குள் போன வேர் நுனியைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிய்த்து இழுப்பதைவிட வெட்டுவது நல்லது. தக்காளி 25 நாளிலும் மிளகாய் 35 முதல் 40 நாளிலும் இடம் மாறத் தயார்; அதற்கு மேல் விட்டால் பின்னல் அதிகமாகும்.

இரண்டாவது, தாகம் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த பிள்ளை அது. நடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தொட்டியை எடுத்துவிட்டு, கையால் மட்டும் ஊற்றத் தொடங்குங்கள். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, இப்படிக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசி இரண்டு நாள் ராத்திரியும் வெளியே. இலை லேசாகத் துவண்டால் பதறாமல், மாலையில் நிமிர்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். நடவு சாயங்காலம் நாலு மணிக்கு மேல். நட்ட பிறகு மூன்று நாள் பழைய வேட்டியை மேலே பந்தல் கட்டிவிட்டால் அணிலும் கொஞ்சம் யோசிக்கும்.